அவர் சாப்பிட்டாரா?

"அம்மா, இயேசுவை உங்கள் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டிருக்கிறீர்களா?"

கேட்டவர் எங்கள் உறவினர் ஒருவரோடு வந்திருந்த நற்செய்தி ஊழியர். 2015 ஆகஸ்ட் மாதம், மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு முன்னறை, மதியம் மூன்று மணி. அம்மாவுக்கு மறதி நோய் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னைத் தன் தம்பி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் அதே கேள்வியை இரண்டாம் முறை, சற்று உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கேட்டார். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "யாரைச் சொல்கிறார்?" என்றாள். "இயேசுவை அம்மா. இயேசு" என்றேன். எழுபது ஆண்டுகளாகத் தினமும் உச்சரித்த பெயர். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கவலையோடு கேட்டாள்: "அவர் சாப்பிட்டாரா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா உள்ளே போய் அழுதாள். வந்தவர் சிரிக்கவில்லை. ஜெபம் செய்துவிட்டுப் புறப்படும்போது வாசலில் என்னைத் தனியே நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "தவறாக நினைக்காதீர்கள் தம்பி. அம்மா நினைவோடு இருந்தபோது வாயால் அறிக்கை செய்திருக்கிறார்களா? இரட்சிக்கப்பட்ட நாள், தேதி ஏதாவது தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கெட்டவர் அல்லர். அம்மாவுக்காக உண்மையாகவே வருந்தினார். ஒரு நீச்சல்காரன் கரையில் தாமதமாக வந்து சேர்ந்துவிட்டதைப் போல வருந்தினார். அந்த வருத்தம்தான் என்னை அத்தனை மாதங்கள் தூங்கவிடாமல் செய்தது. கோபக்காரராக இருந்திருந்தால் அன்று மாலையே மறந்திருப்பேன்.

மூன்று தேதிகள்

தேதி இல்லாத பயம் எனக்குப் புதிதல்ல. 1988இல், பதினாறு வயதில், நண்பன் ஒருவனோடு நற்செய்திக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். கடைசி நாள் இரவு, கண்களை மூடியிருக்கும்போது கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன். வேதாகமத்தின் கடைசி வெற்றுத் தாளில் அன்றைய தேதியை எழுதினேன். ஆறு மாதம் கழித்து, அன்று நான் கையை உயர்த்தியது உண்மையான விசுவாசத்தாலா, நண்பன் உயர்த்தியதாலா என்ற சந்தேகம் வந்தது. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் உயர்த்தினேன். பழைய தேதியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன். கல்லூரியில் மூன்றாவது முறை. அந்த வேதாகமம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு தேதிகள் அடிக்கப்பட்டும், மூன்றாவதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருக்கின்றன. இதை எழுதும்போது எனக்கு வெட்கமில்லை, வருத்தம்தான். எத்தனையோ பிள்ளைகள் இன்றைக்கும் இப்படித் தங்கள் மனத்தைத் தாங்களே தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வயதில் அம்மாவிடமும் போய்க் கேட்டிருக்கிறேன். "நீ எப்போது இரட்சிக்கப்பட்டாய்?" அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் கைக்குழந்தை. பாட்டியைக் கேட்டால் தெரியும்" என்றாள். பாட்டி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். அப்போது அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. நாங்கள் தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் குடும்பம், சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வழி வந்த சபையினர். 1706இல் ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்திறங்கிய கடற்கரைக்குப் பக்கத்து ஊர்களில்தான் அம்மாவின் முன்னோர்கள் எல்லோரும். கிருபை, அதாவது தகுதி பாராமல் கடவுள் காட்டும் தயவு, என்ற சொல் எங்கள் வீட்டில் உப்பைப் போலப் புழங்கியது. "கர்த்தருடைய கிருபை, பஸ் கிடைத்துவிட்டது" என்பாள் அம்மா. இத்தனை எளிதாகப் புழங்கும் சொல்லில் பெரிய விஷயம் இருக்க முடியாது என்று நான் நினைத்தேன். விசுவாசம்தான் கடினமான சொல்லாக, ஆகவே முக்கியமான சொல்லாகத் தெரிந்தது.

அப்போஸ்தலன் பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஒரு வசனம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." என் சிக்கல் 'கொண்டு' என்ற சொல்லில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பணத்தைக் கொண்டு அரிசி வாங்குகிறோம். அரிவாளைக் கொண்டு தேங்காய் உடைக்கிறோம். அதேபோல விசுவாசத்தைக் கொண்டு இரட்சிப்பைப் பெற வேண்டும் என்று என் காதில் விழுந்தது. அப்படியானால் கையில் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது அல்லவா? கிரியைகளால், அதாவது நற்செயல்களால், வாங்க முடியாது என்று ஒரு கடையை மூடிவிட்டு, விசுவாசத்தால் வாங்கலாம் என்று பக்கத்திலேயே இன்னொரு கடையைத் திறந்துகொண்டேன். இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இதே இடத்தில் 'நம்பிக்கையின் வழியாக' என்கிறது. வழி என்றால் அது வாசல், ஜன்னல். ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொடுக்கும் விலை எதுவும் இல்லை. மூல கிரேக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கிருபை, விசுவாசம் இரண்டும் அங்கே பெண்பாற் சொற்கள். 'இது தேவனுடைய ஈவு' என்பதில் வரும் 'இது' பொதுப்பால். ஆகவே அது இரண்டில் ஒன்றை மட்டும் சுட்டவில்லை, இரட்சிக்கப்பட்ட செயல் முழுவதையும் சேர்த்துச் சுட்டுகிறது என்று விளக்குவார்கள். விசுவாசமும் அந்த ஈவுக்கு உள்ளேதான். இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரியவந்தவை. அந்த ஆகஸ்டு மாதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவின் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான்.

நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் தட்டுகள்

"அவர் சாப்பிட்டாரா?" என்ற அம்மாவின் கேள்வி உறவினர்களிடையே பரவியது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா 1980இல் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு நின்ற அம்மாவுக்கு, 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது ஒரு கிராமத்துப் பள்ளியில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை பத்தொன்பது ஆண்டுகள் அதுதான் அவள் உலகம். ஆகவே அந்தக் கேள்வி அவளுடைய ஆழத்திலிருந்து வந்தது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். பெயரை மறந்தாலும் அன்பை மறக்கவில்லை, இயேசு யாரென்று தெரியாவிட்டாலும் அவருடைய பசியைக் கேட்கத் தெரிந்திருக்கிறது, இதைவிட வேறென்ன விசுவாசம் வேண்டும் என்றாள் அக்கா. நானும் அதைப் பற்றிக்கொண்டேன். சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு ஞாயிறு எழுந்து நின்று இதைச் சொன்னேன். பலர் அழுதார்கள். அந்த ஊழியருக்கு நான் வைத்திருந்த பதில் இதுதான்.

அதே மாதங்களில், தூக்கம் வராத ஓர் இரவில், கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்குச் சுமார் 120 பிள்ளைகள். ஆண்டுக்கு 200 நாட்கள். 19 ஆண்டுகள். நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் தட்டுகள். இருட்டில் படுத்தபடி இந்த எண்ணைக் கடவுளிடம் சொன்னேன். ஜெபம் என்றுதான் அதை நினைத்தேன். ஒரு வழக்கறிஞர் நீதிபதி முன்னால் ஆவணத்தை வைப்பதுபோல வைத்தேன். இவளுக்கு விசுவாசம் இல்லை என்றால், இதையாவது ஏற்றுக்கொள்ளும்.

அடுத்த ஆண்டு தை மாதத்துக்குள் அம்மா அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டாள். வருகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மறதி நோயில் கடைசிவரை பாட்டு மட்டும் நிற்கும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். மாலையில் பழைய ஞானப்பாட்டுகளைப் பாடிக் காட்டினேன். முதலில் உதடுகள் அசைந்தன, பிறகு விரல் மட்டும் தாளம் போட்டது, பிறகு அதுவும் நின்றது. அப்போதும் உள்ளே ஏதோ ஓர் அறையில் அவள் இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்ப முயன்றேன். அப்படி இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குள் ஏதாவது ஒன்று மிச்சமிருந்தால்தான் அவள் பத்திரமாக இருக்கிறாள் என்ற எண்ணமே என்னைக் கொன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு மிச்சத்தைத் தேடினேன். ஒவ்வொரு நாளும் அது குறைந்திருந்தது.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார், வைணவர். அம்மாவை அக்கா என்று அழைப்பார். நான் திண்ணையில் உட்கார்ந்து புலம்பியதை ஒரு மாலை முழுக்கக் கேட்டுவிட்டு, பெரியாழ்வாரைச் சொன்னார். "எய்ப்பு என்னை வந்து நலியும்போது அங்கு ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன், அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்." தளர்ச்சி வந்து வாட்டும்போது உன்னை நினைக்க முடியாமல் போய்விடும் என்று ஆழ்வாருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அந்த வரிகள் எனக்கு அழுகையை வரவழைத்தன. என் மதத்தின் கேள்வியை இன்னொரு மதத்தின் கவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, என் மொழியிலேயே கேட்டிருக்கிறார். அரங்கனும் இயேசுவும் ஒன்று, சரணாகதியும் கிருபையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வீட்டாரையும் மதிக்கிறவன் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் தளர்ந்து கிடக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டியது யார் என்ற கேள்வி எனக்கு அன்று மாலைதான் தெளிவாகக் கேட்டது. அதுவரை நான் அம்மாவின் பிடியைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன்.

நேரம் பார்த்துக் கொடுக்கிறோம்

2016 பெரிய வியாழனுக்கு முந்தின வாரம். எங்கள் சபையில் முன்பு பணிசெய்து ஓய்வு பெற்ற ஐயர் ஒருவர் (எங்கள் போதகர்களை அப்படித்தான் அழைப்போம்), எண்பது வயதைத் தாண்டியவர், அம்மாவுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கொடுக்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மறுத்துவிட நினைத்தேன். அம்மா நன்றாக இருந்த நாட்களில் திருவிருந்து ஞாயிறு என்பது எங்கள் வீட்டில் எப்படி நடக்கும் என்பதை நினைத்துப் பார்த்ததால் வந்த எண்ணம் அது. முந்தின இரவே யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். வெள்ளைப் புடவை. பீடத்தில் முழங்காலிடும்போது அவள் கை நடுங்குவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று பவுல் எழுதியதை அப்படியே கடைப்பிடித்தவள். இப்போது புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்தாள். சோதித்தறிய அவளிடம் 'தான்' என்ற ஒன்றே இல்லை.

ஐயர் பஸ்ஸில் வந்து, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்தார். சிறிய மரப்பெட்டி ஒன்றை மடியில் வைத்திருந்தார். நான் அவரை வாசலிலேயே நிறுத்தி என் சங்கடத்தைச் சொன்னேன். "ஐயா, அம்மாவுக்கு இது என்னவென்று தெரியாது. அபாத்திரமாய், தகுதியில்லாமல், வாங்கியதாக ஆகிவிடாதா? ஆண்டவர் பெயரே அவளுக்கு நினைவில்லை. அவளுக்கு இப்போது விசுவாசம் இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அம்மாவுக்குச் சாதம் ஊட்டுவது யார்?"

"பெரும்பாலும் நான்தான் ஐயா. அக்கா வரும்போது அக்கா."

"பசிக்கிறது என்று கேட்கிறார்களா?"

"இல்லை. கேட்கத் தெரியாது. நாங்களே நேரம் பார்த்துக் கொடுக்கிறோம்."

"ஊட்டுகிறவன் யாரென்று தெரிகிறதா?"

"தெரியாது ஐயா."

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நான் வாசற்படியில் நின்றேன், கொஞ்ச நேரம் உள்ளே போக முடியவில்லை.

பெட்டியைத் திறந்து ஸ்டூலின்மேல் வெள்ளைத் துணியை விரித்தார். கிண்ணத்தை வைத்தார். முழு ஆராதனை முறையையும் சுருக்காமல் வாசித்தார், பெரிய சபைக்கு முன்னால் நிற்பதுபோல. 'உங்களுக்காக' என்று வரும் இடத்தில் அம்மாவின் பெயரைச் சொல்லி 'உனக்காக' என்றார். அப்பத்தை நீட்டியபோது அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவர் கையைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருந்தார். மின்விசிறி ஓடியது. வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். கால் மணி நேரம் இருக்கும். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஊட்டும் கரண்டியைக் கொண்டு வா" என்றார். அப்பத்தைச் சிறு துண்டாக்கி, திராட்சரசத்தில் நனைத்து, அந்தப் பழகிய கரண்டியில் வைத்து உதட்டருகே கொண்டுபோனார். அம்மா வாயைத் திறந்தாள். கரண்டிக்குத்தான் திறந்தாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அதற்குமேல் எந்த அர்த்தத்தையும் அதன்மேல் ஏற்ற நான் விரும்பவில்லை. கடைவாயில் வழிந்த சிவப்பை என் துண்டால் துடைத்தேன். ஆசீர்வாதம் கூறியபின் அம்மாவின் வாயிலிருந்து ஆமென் வரவில்லை. நான் சொன்னேன்.

திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கிய கதையை ஞாயிறு பள்ளியிலேயே கற்றிருக்கிறேன். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதியிருப்பதை அன்றுதான் கவனித்தேன். படுக்கையில் கிடந்தவன் அந்தக் கதையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் என்ன நம்பினான் என்பதும் சொல்லப்படவில்லை. "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்ற வார்த்தை அவனைத் தேடி வருகிறது.

ஐயர் தேநீர் குடித்தார். காவிரியில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார். போகும்போது, "திடப்படுத்தல் வகுப்பில் மூன்றாம் பிரமாணத்தின் விளக்கம் படித்திருப்பாய். மறுபடி எடுத்துப் பார்" என்றார். அன்றிரவு தேடி எடுத்தேன். விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதிக்கான விளக்கம் அது. லுத்தர் 1529இல் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிய சின்ன ஞானோபதேசம். பதினான்கு வயதில் ஒரு மூச்சில் ஒப்புவித்து, ஒரு சொல்லும் மனதில் இறங்காமல் தேறியிருந்தேன். என் சொந்தப் புத்தியாலோ பலத்தாலோ இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ என்னால் முடியாது என்று விசுவாசிக்கிறேன், பரிசுத்த ஆவியே என்னை அழைத்தார் என்பது அதன் சாரம். அந்த விளக்கத்தின் முதல் வாக்கியமே விசுவாசிக்க என்னால் ஆகாது என்கிறது. அதே ஆண்டில் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போது, நான் விசுவாசிக்கிறேன் என்பதன்மேலோ எனக்காகப் பலர் ஜெபிக்கிறார்கள் என்பதன்மேலோ என்னால் நிற்க முடியாது, இது உமது வார்த்தை, உமது கட்டளை என்பதன்மேல் நிற்கிறேன் என்கிறார். தன் விசுவாசத்தை ஓயாமல் சோதித்து வதைபட்ட மனிதர் எழுதிய வரிகள் இவை. 1546 பிப்ரவரியில் அவர் பிறந்த ஐஸ்லேபன் ஊரிலேயே, இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன் எழுதிய துண்டுச் சீட்டு அவர் மறைவுக்குப் பின் கிடைத்தது. "நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை" என்று அது முடிகிறது. ஐரோப்பாவைப் புரட்டிப்போட்டவர் கடைசியில் தன் விசுவாசத்தின் வீரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒரு பையன் நினைவில் வந்துகொண்டிருந்தான். அம்மா வேலை பார்த்த பள்ளியில், என் பள்ளிக்கு விடுமுறையான நாட்களில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். காலையில் வகுப்புக்கு வராமல், பன்னிரண்டரை மணிக்குத் தட்டோடு மட்டும் வந்து வரிசையில் நிற்பான் ஒருவன். ஆடு மேய்க்கப் போகிறவன். வருகைப் பதிவில் பெயர் இருக்காது. படிக்க வராதவனுக்குச் சோறு போட்டால் மற்றவர்களும் வர மாட்டார்கள் என்று ஆசிரியர் ஒருவர் கோபப்படுவார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலை முழுக்க உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன பிள்ளைகளில் நானும் ஒருவனாக என்னை நினைத்துக்கொண்டதால் எனக்கும் கோபம் வந்தது. "அவனுக்கு ஏன் போடுகிறாய்?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "தட்டை நீட்டினானே" என்றாள் அம்மா. திராட்சத்தோட்டத்தில் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமான் கதையை அவள் அப்போது சொல்லவில்லை. அவளுக்கு அது தோன்றியிருக்கவும் மாட்டாது.

நான் கடவுளிடம் சமர்ப்பித்த நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்தை அவளிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். வெட்கப்பட்டிருப்பாள். எந்தத் தட்டையும் எண்ணிக்கொண்டு அவள் போடவில்லை. அதை எண்ணியவன் நான். அந்த ஊழியர் தேதி கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உண்மையில் நான் தகுதியற்றவன், ஏனென்றால் அவர் விசுவாசத்தில் கேட்ட ரசீதை நான் சோற்றில் காட்டினேன். எங்கள் இருவருக்குமே ரசீது தேவைப்பட்டது.

இதைப் படிக்கும் சிலர், அப்படியானால் விசுவாசத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சிம்னி விளக்கைத் தூண்டி, எங்கள் இருவர் பெயரையும் சொல்லி ஜெபித்த அம்மாவின் விசுவாசத்தை நான் பொன்னாக வைத்திருக்கிறேன். பிடிக்க முடிந்த நாட்களில் அவள் இறுகப் பிடித்திருந்தாள். ஆனால் அந்தப் பிடி தளர்ந்தபோது அவள் கீழே விழவில்லை என்றுதான் நான் சொல்கிறேன். ரோமருக்கு எழுதும்போது பவுல் ஒரு கேள்வி கேட்கிறார். சிலர் விசுவாசியாமல் போனால், அவர்களுடைய அவிசுவாசம் தேவனுடைய உண்மையை அவமாக்குமோ? நம் வேதாகமத்தில் இங்கே 'உண்மை' என்று இருக்கும் சொல்லும், மற்ற இடங்களில் 'விசுவாசம்' என்று வரும் சொல்லும் கிரேக்கத்தில் ஒன்றே, பிஸ்டிஸ். நம்புகிறவனின் நம்பிக்கைக்கும், நம்பப்படுகிறவரின் வாக்குத் தவறாமைக்கும் அங்கே ஒரே பெயர். நான் வாழ்நாள் முழுக்க முதலாவதை அளந்துகொண்டிருந்தேன்.

பதிவேடு

அம்மா 2018 ஜூலையில் இறந்தாள். கடைசி எட்டு மாதங்கள் எந்தச் சொல்லும் இல்லை. ஐயர் முடிந்தபோதெல்லாம் வந்தார், ஐந்து முறையாவது இருக்கும். அதே கரண்டி. இரண்டு முறை துப்பிவிட்டாள். அவர் துணியால் எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இத்தனைக்குப் பிறகும் என்னிடமிருந்து அந்தப் பழைய ஆசை போகவில்லை. அடக்கம் முடிந்து மூன்று மாதங்கள் கழித்து, அம்மாவின் ஞானஸ்நான தேதியைத் தேடிக்கொண்டு, பொறையாற்றுக்குப் பக்கத்தில் அவள் பிறந்த கிராமத்துக்குப் போனேன். கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். 1943ஆம் ஆண்டின் தாள்கள் கரையான் அரித்து வலையாகியிருந்தன. முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகள் நன்றாக இருந்தன. எண், பிறந்த நாள், குழந்தையின் பெயர், தகப்பன், தாய், ஞானப்பெற்றோர், கொடுத்த குருவின் கையொப்பம் என்று கட்டம் கட்டமாகக் கறுப்பு மை. குழந்தை என்ன சொன்னது என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. அந்தத் தலைப்புகளின்மேல் விரலை வைத்து இரண்டு மூன்று முறை வாசித்தேன்.

"கிடைத்ததா?" என்றார் உபதேசியார்.

"இல்லை ஐயா. அந்த ஆண்டு முழுக்கப் போய்விட்டது."

அவர் பதிவேட்டை வாங்கித் தூசியைத் தட்டி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அடுத்த பஸ் மூன்றரைக்குத்தான். நான் யார், எந்தச் சபை, எதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்று அவர் சரியாகக் கேட்டிருக்கவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, "சாப்பிட்டீர்களா?" என்றார். இல்லை என்றேன். "வாருங்கள்" என்று முன்னால் நடந்தார். கோயிலுக்குப் பின்புறம் ஓட்டு வீடு. அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினார். நான் கை கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.